அவருக்குத் தெரியும், சரி. உங்களுக்கு எப்படித் தெரியும்?



கொஞ்சம் நீளமான பதிவு. லாரியில் இருக்கிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படியுங்கள். தறி ஓட்டுகிறவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். முடிக்கும்போது சிலருக்கு என் மேல் கோபம் வரும். பரவாயில்லை. முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் மேல் கோபப்படாத பிள்ளை எது?

கடவுள் எல்லாம் அறிந்தவர் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரக் கல். நானும் அதை விசுவாசிக்கிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன்தான். நம் தலைமுடிகூட எண்ணப்பட்டிருக்கிறது, நாம் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே நம் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். 139ஆம் சங்கீதம் முழுக்க இதே பேச்சுதான். இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை வேறு ஆட்களோடு. "அவருக்கு எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் "ஆகவே எனக்கும் தெரியும்" என்று முடிக்கிறார்களே, அவர்களோடு. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் ஸ்டெப் எங்கே? ஸ்டெப் இல்லாமல் விடையை மட்டும் எழுதி வைத்தால் நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை. என்னிடம் படித்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

யோசித்துப் பாருங்கள். அவர் ஒருவர்தான் எல்லாம் அறிந்தவர் என்றால், நாம் யாரும் எல்லாம் அறிந்தவர்கள் கிடையாது. இந்தப் போதனை மனுஷனுக்கு அடக்கத்தைக் கற்றுக்கொடுக்க வந்தது. இன்றைக்கு அதை வைத்தே அகங்காரத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் மேடைக்காரர்களை எடுத்துக்கொள்வோம்.

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒருவர் மேடையில் நின்றுகொண்டு, கூட்டத்தில் இருக்கிற ஒரு அம்மாவின் பெயர், தெருப் பெயர், மகன் வேலை பார்க்கிற ஊர் எல்லாம் சொல்கிறார். அந்த அம்மா அழுகிறார். கூட்டம் கை தட்டுகிறது. கீழே எங்கள் சொந்தக்காரர்கள் வரிசையாக ஆமென் போட்டிருக்கிறார்கள். நான் கேட்டேன், பெயரும் தெருவும் ஆதார் அட்டையிலேயே இருக்கிறது, அதைச் சொல்லவா பரலோகத்திலிருந்து இறங்கி வர வேண்டும்? ஒருவரும் பதில் சொல்லவில்லை. "சித்தப்பா எப்பவும் இப்படித்தான்" என்று மட்டும் ஒரு மெசேஜ் வந்தது.

எப்பவும் இப்படித்தான். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்று ஒரு பிரசங்கியார். அவரும் இதே மாதிரிப் பெயர், முகவரி, நோய் எல்லாம் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்கிற மேஜிக் நிபுணர் ரேடியோ கருவி வைத்து ஒட்டுக்கேட்டார். பிரசங்கியாரின் காதில் சின்ன ரிசீவர். மேடைக்குப் பின்னாலிருந்து மனைவி விவரங்களைப் படித்துச் சொல்ல, இவர் அதை ஆண்டவர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை டிவியில் நாடே கேட்டது. நம் ஊர் மேடைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கை தட்டுவதற்கு முன்னால் ஸ்டெப் கேளுங்கள் என்கிறேன்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை, வேதமே சொல்கிறது. கர்த்தர் பெயரைச் சொல்லி ஒருவன் பேசினது நடக்காமல் போனால், அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம் என்கிற கருத்து உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சரிபார்க்கச் சொல்லி வேதமே கொடுத்த சூத்திரம் அது. மாற்கு 13ஆம் அதிகாரத்தில் இயேசு, கடைசி நாள் எப்போது என்று தமக்கே தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஆண்டவரே கூச்சப்படவில்லை. ஆனால் அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஹரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அதுவும் போனது. அக்டோபர் 21 என்று மாற்றினார். அதுவும் போனது. மறு வருஷம், நாள் குறித்தது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். நம் ஊரில் அந்த ஒப்புக்கொள்ளுதலைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் ஊரில் இது பரீட்சை சீசனில் வரும். நாமக்கல் பக்கம் மார்க் என்றால் உயிர், எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்காக ஜெபிக்கிறார்கள், நல்லது. ஆனால் "உன் மகள் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறதைக் கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். சீட் கிடைத்தால் அது தீர்க்கதரிசனம். கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விசுவாசம் பத்தவில்லை. இரண்டு பக்கமும் ஜெயிக்கிற கணக்கு இது. தோற்கவே வழியில்லாத கணக்கு கணக்கே கிடையாது கண்ணுகளா. பதினேழு வயதுப் பிள்ளை அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஹால் டிக்கெட்டோடு போகிறது. அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

இரண்டாவது, துக்க வீடு.

இது மேடையைவிட மோசம். சின்ன வயதுச் சாவு விழுந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெற்றவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வந்தவர்களில் ஒருவர் அவள் காதுபடவே சொன்னார்: "தேவனுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது. இந்த வீட்டில் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது." ஆறுதல் சொல்ல வந்தவர் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார்.

யோபுவின் புத்தகத்தை இவர்கள் ஒருமுறையாவது கடைசிவரை படித்திருப்பார்களா? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று நிரூபிக்க அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது யோபு மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள் மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். தனக்கு ஏன் அப்படி நடந்தது என்று யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவே இல்லை. எல்லாம் அறிந்தவரே காரணம் சொல்லாத இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் காரணம் சொல்கிறார்!

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அவரே இல்லை என்றார். அது லூக்கா 13. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோதும் இருவருமில்லை என்றார். அது யோவான் 9. இதற்கு மேல் என்ன வேண்டும்?

2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கடற்கரையில் நின்ற யாத்திரீகர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். தண்ணீர் கோயிலுக்குள் வராதது புதுமை என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. நான் கேட்கிறேன், கரையில் நின்றவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? உள்ளே இருந்தவனுக்கு அது புதுமை என்றால், வெளியே பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அதன் பெயர் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் கிடையாது. பதில் இருப்பதாகச் சொல்கிறவரை நான் நம்பவும் மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு வேறொன்று இருந்தது. சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை நாகப்பட்டினம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்த ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்பாடே இல்லை. 2007 அக்டோபரில்தான் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. கடவுளுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லிப் பேச்சை முடித்திருந்தால் அந்த மையம் வந்திருக்குமா? நமக்கு ஏன் தெரியாமல் போனது என்று கேட்டவர்களால்தான் அது வந்தது.

இங்கே என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ரிக் வண்டிக்காரன், போனில் கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். "சார், நாளைக்கு நான் என்ன செய்வேன்னு அவருக்கு இன்னைக்கே தெரியும்னா, நான் செய்யறது ஏற்கெனவே முடிவானதுதானே? அப்புறம் எதுக்கு ஜெபம், எதுக்கு ஆஸ்பத்திரி?"

நல்ல கேள்வி. பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அகுஸ்தீனார் சொன்ன பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நேற்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் ஞாபகமா அதை நடக்க வைத்தது? இல்லை. அதே மாதிரி, கடவுள் முன்கூட்டியே அறிவதும் உன்னைக் கையைப் பிடித்து இழுக்கிறதில்லை. 524 வாக்கில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த போயத்தியுஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கடவுளுக்கு நேற்று, நாளை என்பதே கிடையாது, எல்லாம் ஒரே இன்றாக அவர் முன்னால் இருக்கிறது, ஒருவன் நடந்து போவதை நீ பார்ப்பதால் அவன் நடக்கும்படி ஆகிவிடுவதில்லை என்றார். போர் போடுகிற நீ, தண்ணீர் இருக்கிறதா என்று கடவுளுக்குத் தெரியும் என்று சொல்லி ரிக்கை ஆஃப் செய்துவிட்டு உட்காருவாயா? அவருக்குத் தெரியும் என்பதனால் உன் வேலை ஒரு அடிகூடக் குறைகிறதில்லை.

அப்படி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் தலைவிதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிட்டத்தட்ட நானூறு வருஷத்துக்கு முன்னால், 1623இல், தத்துவபோதகர் என்று நம் மக்கள் அழைத்த ராபர்ட் தெ நோபிலி நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். போன பிறவியின் வினைதான் இந்தப் பிறவியின் துன்பம் என்பதை மறுத்துத் தமிழிலேயே நூல் எழுதினவர் அவர். என் இந்து மாணவர்கள் வருத்தப்பட வேண்டாம், வினைக் கொள்கைக்கு அதற்கென்று ஆழமான தர்க்கம் உண்டு, அது தனிப் பேச்சு. நான் கேட்பது எங்கள் ஆட்களை. முன்வாசலில் விதியை மறுத்துவிட்டு, கொல்லைப்புறக் கதவு வழியாக "கர்த்தர் அறிவார்" என்று பெயர் மாற்றி அதே விதியை ஏன் உள்ளே கூட்டி வருகிறீர்கள்?

கர்த்தர் அறிவார் என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிய வேண்டுமா? கொல்லிமலையை அண்ணாந்து பாருங்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1907இல் நம் நாட்டுக்கு வந்து, சேந்தமங்கலத்தில் இருந்து, 1913இல் கல்யாணமானதும் மனைவி எவிலினோடு கொல்லிமலை ஏறினார். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு ஜனங்கள் அங்கே ஒரு ராத்திரி தங்க யோசித்த காலம். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தே அப்போது பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் காய்ச்சலின் முற்றிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் 1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்தார். வயது நாற்பத்து நாலு. மகன் பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பையன். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

எவிலின் அம்மா என்ன செய்தார்? திரும்பவும் மலைக்கு வந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், எழுபதை நெருங்கிய வயதில், தன் பொறுப்பில் மலையேறினார். மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போய் மருந்து கொடுத்தார். நரம்புச்சிலந்தி நோயை மலைக் கிராமங்களிலிருந்து விரட்டப் பாடுபட்டார். 1974இல் தொண்ணூற்று ஐந்து வயதில் இறந்து, அதே கொல்லிமலையில் புருஷன் பக்கத்தில் அடக்கமானார். கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்பதில் அந்த அம்மாவுக்குத் துளி சந்தேகம் கிடையாது. அதற்காக, குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் விடவும் இல்லை.

கொல்லிமலையில் வளர்ந்த அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். விரல் ஏன் குறைந்து போகிறது என்று அன்றைக்குக் கேட்டால், சதை அழுகி விழுகிறது, சாபம், கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்பார்கள். பால் பிராண்ட் நோயாளிகளின் கூடவே இருந்து கவனித்தார். சதை தானாக அழுகவில்லை. நரம்பு செத்ததால் வலி தெரியவில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், காயம் புரையோடி விரல் போகிறது. சிலருக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரல் காணாமல் போனது. என்ன என்று பார்த்தால், தூங்கும்போது எலி கடித்துத் தின்றிருக்கிறது. வலி இல்லாததால் விழிப்பே வரவில்லை. அப்புறம் நோயாளிகள் பூனை வளர்க்க ஆரம்பித்தார்கள்.

சாபம் என்று சொன்னவர்கள் பல நூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல்கூட மிஞ்சவில்லை. ஒருவர் ராத்திரி என்ன நடக்கிறது என்று பார்த்தார். பூனை போதுமானதாக இருந்தது. இந்த இரண்டு பேரில் கடவுளின் அறிவுக்கு மரியாதை கொடுத்தவர் யார், நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? எங்கள் குடும்பத்தில் எனக்கு மகள் முறையாகிற ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் சொல்ல மாட்டேன். கழுத்தில் ஒரு கட்டி. ஊசி வழியாகக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. ஜெபக் குழுவில் ஒருவர், "கர்த்தர் எனக்குக் காட்டினார், அது ஒன்றுமில்லை, ஊசி குத்தினால்தான் பரவும்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு முறை தேதி வாங்கி இரண்டு முறையும் போகவில்லை. வீட்டில் பெரியவர்களும் "அவருக்குத் தெரியாததா" என்று சும்மா இருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணா, அண்ணி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆண்டவருக்குத் தெரியும், சந்தேகமே இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நமக்கும் தெரியும். அவர் அதை நம்மிடமிருந்து ஒளித்து வைக்கவில்லை. பார்க்க மறுப்பதை விசுவாசம் என்று சொல்லாதீர்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வோம். ஏதாவது இருந்தால், இரண்டு மாதம் போனது போகட்டும், மூன்றாவது மாதம் போகக்கூடாது.

அந்த ஜெபக் குழுக்காரருக்கும் ஒரு வார்த்தை ஐயா. உங்கள் ஜெபத்தை நான் வேண்டாம் என்கவில்லை. உங்களுக்குக் காட்டப்பட்டது உண்மையானால் டெஸ்ட் அதைப் பொய்யாக்கப் போவதில்லை. அப்புறம் என்ன பயம்? வண்டியில் அவளோடு கூட ஏறி உட்காருங்கள். போகிற வழியெல்லாம் ஜெபியுங்கள். ரிசல்ட் வருகிறவரை வராண்டாவில் அந்தப் பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் செய்தார்களே, அதைச் செய்யுங்கள். கடைசியில் செய்ததைச் செய்யாதீர்கள்.

எல்லாம் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று மெய்யாகவே நம்புகிறவன் இன்னொன்றுக்கும் பயப்பட வேண்டும். அவளுக்கு நாம் என்ன சொன்னோம், எதற்காகச் சொன்னோம், நமக்குத் தெரிந்து சொன்னோமா தெரியாமல் சொன்னோமா என்பதும் அவருக்குத் தெரியும்.

என் மாணவர்களில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், டாக்டர் என்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஊசி டெஸ்ட் என்றால் என்ன, எவ்வளவு நேரம் ஆகும், வலிக்குமா என்று அவளுக்குப் புரிகிற மாதிரி கீழே எழுதுங்கள். அவள் படிப்பாள். எனக்குப் பாராட்டு வேண்டாம், அதை எழுதுங்கள். என்னோடு சண்டை போட வேண்டியவர்களும் போடலாம், ஆனால் ஸ்டெப் காட்ட வேண்டும்.

தேதி மறுபடி வாங்கியாயிற்று. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வாசலுக்கு வரும் கண்ணு. சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டு வை.

உங்கள் பழைய கணக்கு வாத்தியார்